காட்டுப் பயணமும் குரங்கு மலேரியாவும்

விடுமுறை நாள்களில் குடும்பத்துடன் மலைகளுக்கும் நீர்வீழ்ச்சிகளுக்கும் சென்று வருவது நம் தோட்ட மக்களிடையே வழக்கமாகியுள்ளது. ஜொகூரில் குனோங் லேடாங், எண்டாவ்-ரொம்பின் போன்ற எழில்மிகு வனப்பகுதிகள் உள்ளன. அங்குச் செல்வது உடலுக்கும் உள்ளத்திற்கும் நன்று. ஆயினும், காட்டில் தங்குவோரைத் தாக்கக்கூடிய குரங்கு மலேரியாவைப் பற்றி நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1965ஆம் ஆண்டில், பகாங் காட்டில் பணியாற்றிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் காய்ச்சலுற்றார். அமெரிக்காவில் அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் சோதித்தபோது, மனிதருக்கு வரும் மலேரியாவாகவே தோன்றியது. அவ்விரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்த பின்னரே, அது 'நோலெசி' எனப்படும் குரங்கு மலேரியா என்பது தெளிவாயிற்று. 1971ஆம் ஆண்டில், நமது ஜொகூரிலும் ஒருவருக்கு இந்நோய் கண்டிருக்கலாம் என மருத்துவ அறிஞர்கள் எழுதினர். 2004ஆம் ஆண்டில், சரவாக்கின் காப்பிட் பகுதியில் சோதிக்கப்பட்ட 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேருக்கு இக்கிருமியே இருந்தது என்று டாக்டர் பல்பீர் சிங் குழுவினர் வெளியிட்டனர்.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டில் மனித மலேரியா உள்நாட்டில் எவருக்கும் பரவவில்லை. இஃது அரிய சாதனையே. எனினும், கெரா, பெரோக் ஆகிய குரங்குகளின் இரத்தத்தில் நோலெசிக் கிருமி வாழ்கிறது. அவற்றைக் கடித்த காட்டுக் கொசு நம்மைக் கடித்தால் நமக்கும் நோய் வரும். நோயாளியைத் தொடுவதால் இது தொற்றுவதில்லை.

இக்கிருமி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும் தன்மையுடையது. ஆதலால், சில நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடல்வலி ஆகியவை இதன் அறிகுறிகள். டெங்கியிலும் இவை தோன்றுவதால், நோயை மாற்றிக் கருதிவிடவும் கூடும்.

எனவே, பயணத்தின்போது நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. மாலை மயங்கும் வேளை முதல் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிதல் வேண்டும்.

2. வெளியில் தெரியும் உடற்பகுதிகளில் கொசு விரட்டும் தைலம் பூசுதல் வேண்டும்.

3. காட்டில் இரவு தங்கினால் கொசுவலைக்குள் உறங்குதல் வேண்டும். வலையில் கிழிசல் இருத்தலாகாது.

4. குரங்குகளுக்கு உணவிட்டு அவற்றைத் தங்குமிடத்திற்கு அழைத்தல் கூடாது.

5. பல நாள் தங்குவோர் முன்னதாகவே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நலம்.

திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மாத்திரையை விழுங்கிவிட்டுப் பால்மரம் வெட்டச் செல்லாதீர்கள். அன்றே அரசாங்க மருத்துவமனைக்கோ சுகாதார கிளினிக்கிற்கோ செல்லுங்கள். எந்தக் காட்டிற்குச் சென்றீர்கள், எத்தனை இரவு தங்கினீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே கூறுங்கள். காட்டோரத் தோட்டங்களில் வாழ்வோரும் தாங்கள் வாழும் இடத்தைத் தெரிவித்தல் வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் மருத்துவர் மலேரியாவுக்கான இரத்தச் சோதனைக்கு உடனே ஏற்பாடு செய்வார். காலத்தோடு மருந்துண்டால் இந்நோய் முற்றிலும் குணமாகும்.