புது வீட்டுக்குப் பனியன் வேஸ்ட் மிதியடி



எங்கள் சாளை இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் வீடு நிற்கிறது. 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டியது. 360 சதுர அடி. அரசு தந்தது 3,50,000 ரூபாய், மீதி அப்பா வாங்கிய கடன். டைல்ஸ் போடக் காசில்லை, வெறும் சிமெண்ட் தரைதான். "சாணி மெழுகின தரை இப்படிக் குளிராது கண்ணு, காலை இழுக்குது" என்று அம்மாயி தினமும் சொல்லும்.

நம்ம ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் ரிப் துணியை வாங்கி ஏமாந்தேன், அது சுருளவே இல்லை. சிங்கிள் ஜெர்ஸிதான் வேண்டும். அதில் முன்பக்கக் கண்ணியும் பின்பக்கக் கண்ணியும் வேறு வேறு மாதிரி இருப்பதால் வெட்டிய ஓரம் தானாகச் சுருளும்.

துணியை அகலவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி இழுத்தால் கயிறு போல் ஆகிவிடும். முனைகளை முடிச்சுப் போடாமல் தையுங்கள், முடிச்சு காலில் உறுத்தும். மூன்று கயிற்றை ஜடை மாதிரி பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் தைக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். என் முதல் மிதியடியைத் தம்பி தொப்பியாக மாட்டிக்கொண்டான்!

பாத்ரூம் வாசலுக்குப் பருத்தித் துணியே போடுங்கள். பாலியஸ்டர் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. அடுப்புப் பக்கம் எதையும் போடாதீர்கள்.

அம்மாயி கட்டிலுக்குக் கீழே ஒன்று போட்டாச்சு. அடுத்தது சாமி படத்துக்கு முன்னால்.