நெஞ்செரிச்சல்: அடக்குமுன் அறிவோம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரவு கடையடைத்தபின் வயிறு நிறைய உண்டு, உடனே படுத்துக்கொள்வோர் உண்டு. நள்ளிரவில் நெஞ்சு எரிகிறது. புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது. மறுநாள் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையால் எரிச்சல் தணிகிறது. இவ்வாறே ஆண்டுகள் கழிகின்றன. தணிந்தது எரிச்சலா, நோயா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோய் எது?

உணவுக்குழல் இரைப்பையைச் சேருமிடத்தில் ஒரு சுருக்குத் தசை உள்ளது. உணவு இறங்கும்போது திறந்து, பின் மூடிக்கொள்ளும் கதவு அது. அக்கதவு தளர்ந்தாலோ, வேண்டாத வேளையில் திறந்தாலோ அமிலம் மேலேறுகிறது. அமிலத்தைத் தாங்கும் காப்பு இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழலுக்கு அவ்வளவு இல்லை. எப்போதோ ஒருநாள் எரிவது நோயன்று. அடிக்கடி நிகழ்ந்து வாழ்வைக் குலைத்தால் அதுவே அமில எதுக்களிப்பு நோய். வாரம் ஒருமுறையேனும் இத்தொல்லை உடையோர் 7.6 விழுக்காடு என 2011இல் வெளியான இந்திய இரைப்பை குடலியல் சங்கப் பணிக்குழுவின் ஆய்வு கண்டது.

இதயமா, இரைப்பையா?

1951இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலேயே, இதய மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் கழகமும் அமைந்துள்ளது. நம் உடலிலும் உணவுக்குழலும் இதயமும் அவ்வாறே அண்டை வீட்டார்; ஒன்றின் வலி மற்றொன்றின் வலியாகத் தோன்றக்கூடும். நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், 'வாயு' என்று காத்திராமல் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

கண்டறிதல்

வழக்கமான அறிகுறிகள் மட்டும் இருப்பின், மருத்துவர் சில வாரங்கள் மருந்து கொடுத்துப் பார்ப்பார். விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கருநிற மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் எண்டோஸ்கோப்பி தேவை. புண், சுருக்கம், புற்றுநோய் ஆகியவற்றை அது காட்டும். அதில் குறையேதும் தெரியாவிடினும் நோய் இல்லையென்று ஆகாது. ஐயம் நீடித்தால், மூக்கின் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, உணவுக்குழலில் ஏறும் அமிலத்தை 24 மணிநேரம் அளப்பர்.

சிகிச்சை

அமில முறிவு மருந்து, சுரந்த அமிலத்தைச் சற்று நேரம் தணிக்கும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை சுரப்பையே குறைப்பவை. இவற்றை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு உட்கொள்ள வேண்டும். உண்டபின் விழுங்குவதால் பயன் குறைகிறது. பெரும்பாலும் எட்டு வாரங்கள் தருவர். அதன்பின் தொடர்வதா, குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் நன்று. இதய மாத்திரையோ வலி மாத்திரையோ உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே கூறிவிட வேண்டும். மருந்தால் அடங்காத சிலருக்கு, நுண்துளை அறுவையால் அக்கதவை வலுப்படுத்தலாம்.

மருந்தோடு பழக்கமும் மாற வேண்டும். படுப்பதற்கு மூன்று மணிநேரம் முன்பே உண்போம். மிகுந்த எடையைக் குறைப்போம். புகையையும் மதுவையும் விடுப்போம். கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, இடப்பக்கம் சாய்ந்து படுப்போம். எல்லா உணவையும் விலக்க வேண்டியதில்லை; தமக்கு ஒவ்வாததை அறிந்து விலக்கினால் போதும்.

வரவு செலவைக் குறித்து வைக்கும் நாம், எரிச்சல் வந்த நாளையும் வேளையையும் உண்டதையும் இரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுவோம். நோயறிதலில் பாதி வேலை அச்சிறு ஏட்டிலேயே முடிந்துவிடும்.