அட்டை கம்பனியுடையதா, உங்களுடையதா?

வெளிநாட்டு வேலை என்றால், எங்கள் மலையகத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் நெடுநாளாகச் சவூதி, குவைத், கட்டார்தான். இப்போது ஜப்பானும் பேச்சில் அடிபடுகிறது. தொழில்நுட்பப் பயிற்சியாளர்களை அனுப்ப 2018 பெப்ரவரியில் இலங்கை அந்நாட்டோடு உடன்பாடு செய்துகொண்டது. பயிற்சி என்ற பெயரில் அதிகபட்சம் ஐந்து வருடம் இருக்கலாம். ஆனால், வதிவிடக் கடதாசியைப் பற்றிக் காதில் விழும் பாதிக் கதை பிழையானது.

"பாஸ்போட்டில் வீசா ஒட்டியாச்சு, இனி என்ன?" வீசா உள்ளே நுழைவதற்கு மட்டுந்தான். எத்தனை நாள் தங்கலாம், என்ன வேலை செய்யலாம் என்பதைச் சொல்வது வதிவிட அட்டை. நரிட்டா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் அதைக் கையில் தருகிறார்கள். தங்குமிடம் அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்.

"பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்றிருக்கிறதே, சிக்கல் வருமா?" வராது. அது இனம், குடியுரிமை அல்ல. 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமையின் மிச்சக் கணக்கை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்த்துவிட்டது. சிக்கல் வருவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்றிருந்தால், பாஸ்போட் எடுக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான கதை இது: "பாஸ்போட்டையும் அட்டையையும் கம்பனி வாங்கி வைக்கும். நம்ம பாதுகாப்புக்குத்தானே!" இல்லை. பயிற்சியாளரின் விருப்பத்துக்கு மாறாக அவற்றை வைத்திருப்பது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது மூன்று இலட்சம் யென் வரை அபராதம். அதுமட்டுமல்ல, அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது உங்கள் கடமை. தவறினால் இரண்டு இலட்சம் யென் வரை அபராதம். அட்டை முதலாளியின் மேசை லாச்சியில் கிடக்கும்போது பொலிஸ் மறித்துக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கடதாசி என்றால் தோட்டக் கந்தோர் பார்த்துக்கொள்ளும் என்று நான்கு தலைமுறை பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்தோடு விட்டுவிட வேண்டும்.

"திகதி முடிந்தால் கம்பனி புதுப்பிக்கும்." வழக்கமாகச் செய்வார்கள்தான், ஆனால் அட்டையிலுள்ள திகதி உங்களுடையது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், தங்க அனுமதி உண்டு. விண்ணப்பிக்காமல் ஒரு நாள் கடந்தாலும் சட்டவிரோதத் தங்கல். அந்த நிலைக்குப் போனவர்கள் எவ்வளவு நிராதரவாகிறார்கள் என்பதை 2021 மார்ச் 6 காட்டியது. மாணவியாகப் போய் வதிவிட உரிமையை இழந்த இலங்கைப் பெண் விஷ்மா சந்தமாலி, நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் அன்று இறந்தார். வயது 33.

"கொடுமை தாங்காவிட்டால் ஓடிப்போவதுதான் ஒரே வழி" என்பதும் உண்மையல்ல. விருப்பப்படி கம்பனி மாற முடியாது என்பது சரி, அது இத்திட்டத்தின் பெரிய அநீதியும்கூட. ஆனால் துன்புறுத்தல், சட்டமீறல், கம்பனி மூடப்படுதல் போன்ற காரணங்களுக்கு இடமாற்றம் உண்டு. பயிற்சித் திட்டத்தைக் கண்காணிக்கும் அரச அமைப்பிடம் ஆங்கிலத்தில் முறையிடலாம். ஓடினால் வதிவிட உரிமையும் போகும், முறையிடும் பலமும் போகும். இத்திட்டத்தைக் கைவிட்டு, நிபந்தனையோடு கம்பனி மாற இடமளிக்கும் புதிய முறையைக் கொண்டுவர ஜப்பான் 2024இல் சட்டம் இயற்றியிருக்கிறது. 2027இல் அது நடைமுறைக்கு வரவிருக்கிறது.

அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டும் முன் அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். இலக்கம் 1989.