கண்ணாடி அடுப்பு: வாங்குமுன்னும் பின்னும்

கடன் பத்திரத்தை முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் வலியுறுத்துபவன் நான். ஆயினும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அடுப்பின் உத்தரவாத அட்டையை நான் படித்தது, அது பரல் பரலாகச் சிதறிய பிறகுதான். கண்ணாடி உடைந்தால் உத்தரவாதம் பொருந்தாது என அதில் தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. பொங்கி வழிந்த பாலைத் துடைப்பதற்காக, சூடு தணியாத பரப்பின்மீது குளிர்ந்த நீரை ஊற்றியதன் விளைவு அது.

எரிவாயு அடுப்பில் பொருத்தப்படும் பதப்படுத்திய கண்ணாடி எடையைத் தாங்கும். திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. அகன்ற பாத்திரம் பர்னருக்கு வெளியே நீண்டிருந்தால், வெப்பம் கண்ணாடியின் பக்கமே திரும்பும். ஆகவே பளபளப்பைக் காட்டிலும், பர்னர்களுக்கு இடையேயுள்ள தூரத்தையும் ஐ.எஸ். 4246 தரக் குறியையும் பார்த்து வாங்குங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவோர் முதலில் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாத பாத்திரம் பொதுவாகச் சூடேறாது. பழைய அலுமினியக் குக்கரும் பித்தளைப் பாத்திரமும் பயன்படாமற் போகும். புதியவற்றுக்கான செலவும் அடுப்பின் விலையைச் சேர்ந்ததே. மாதத் தவணையைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

அடுப்பு ஆறிய பின், பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் இட்ட ஈரத்துணியால் துடைத்தால் போதும். கம்பி நார் கூடவே கூடாது. அது இடும் கீறல்களில் அழுக்கு நிலைத்துவிடும். உப்புநீர் விட்டுச்சென்ற வெண்கறைக்குச் சிறிது வினிகர் போதுமானது. இண்டக்‌ஷன் பரப்பில் சிந்திய வெல்லப்பாகு மட்டும் விதிவிலக்கு. அதனை முற்றிலும் ஆறவிடாது, மின்னிணைப்பைத் துண்டித்து, கைபடாமல் மரக்கரண்டியால் இளஞ்சூட்டிலேயே வழித்தெடுக்க வேண்டும்.