கூண்டு விட்ட கோழியும் தறி வீட்டுப் புழக்கடையும்

தமிழ்நாட்டுக் கோழிச் சந்தையில் 'முட்டைக்கோழி' என்ற சொல் முட்டையிடும் எல்லாக் கோழிகளையும் குறிப்பதில்லை. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் ஏறத்தாழ 18 வார வயதில் முட்டையிடத் தொடங்கி, 72 முதல் 80 வாரங்களுக்குப் பிறகு முட்டை குறைந்து, தீவனச் செலவுக்குக் கட்டுப்படியாகாததால் கறிக்கு அனுப்பப்படும் வெள்ளை லெக்ஹார்ன் வழிவந்த கோழியைத்தான் கடைக்காரர்கள் அப்பெயரால் அழைக்கின்றனர். காஞ்சிபுரத்துக் கறிக்கடைகளிலும் இக்கோழி கறிக்கோழிக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் நாட்டுக்கோழியைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. கோழியை மீட்டு வளர்க்க விரும்பும் இவ்வூர்க் குடும்பத்தின் முன் வருபவை முக்கியமாக இரண்டு: ஒன்று இந்த முட்டைக்கோழி, மற்றொன்று திருவிழாக் கடைகளில் பச்சை, ரோஸ், ஊதா எனச் சாயமேற்றி விற்கப்படும் கலர் கோழிக்குஞ்சு. இரண்டும் ஒரே தொழிலின் கழிவுகளே. ஒன்று முட்டையிட்டு ஓய்ந்த பெட்டை. மற்றொன்று, முட்டையிடாது என்பதால் பொரித்த அன்றே பண்ணைக்கு வேண்டாததாகிவிட்ட ஆண் குஞ்சு.

முதன்முதலாகக் கோழி வளர்க்க முற்படுவோர் பெரும்பாலும் எந்தக் கோழி என்ற கேள்வியோடு தொடங்குகின்றனர். ஆனால் நெடுநாள் வளர்த்தவர்களின் அனுபவம் காட்டுவது, கேள்வி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே. தறி ஓடும் வீடும் தறி இல்லாத வீடும் கோழிக்கு ஒன்றல்ல. காஞ்சிபுரத்தில் இந்த வேறுபாடு உயிர் பிழைப்பதையே தீர்மானிக்கக்கூடியது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் தறிக்குழியைச் சுற்றியும் வாசலிலும் பட்டு நூல் துணுக்குகளும் சரிகைத் துண்டுகளும் எப்போதும் கிடக்கும். கோழி தரையைக் கீறிக்கொண்டே நடக்கும் பறவையாதலால் அறுந்த பட்டிழை அதன் விரல்களில் சுற்றிக்கொள்கிறது. அது நடக்க நடக்க இழை இறுகி, தோலுக்குள் புதைந்து, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கவனிக்காவிட்டால் சில நாட்களில் விரலையே கருக்கிவிடும். பட்டின் வலிமைதான் இங்கே கேடாகிறது. பருத்தி நூலாயின் பெரும்பாலும் அறுந்துவிடும், பட்டிழை அறுவதில்லை. மாலையில் கோழியைக் கூட்டில் அடைக்கும்போது காலைத் தூக்கி விரலிடுக்கைப் பார்ப்பது தறி வீட்டில் தவறக்கூடாத வேலை. கோழி நொண்டத் தொடங்கியிருந்தால், நூல் இருக்குமிடத்தில் சிறிது எண்ணெய் தடவி, நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் இழையை மெல்ல நறுக்கி எடுக்க வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. சரிகை இதைவிட ஆபத்தானது. மின்னும் சிறு பொருளைக் கோழி கொத்தி விழுங்கும் இயல்புடையது. உலோகக் கம்பி சுற்றிய சரிகைத் துணுக்கு உள்ளே போனால் இரைப்பை அடைபடலாம், குடல் கிழியலாம். தறிக்கூடத்துக்கும் புழக்கடைக்கும் இடையே கதவோ, முழங்கால் உயரத்துக்குமேல் கம்பி வலையோ இல்லாத வீடு, அதைப் போட்ட பிறகே கோழி வாங்குவது நல்லது.

சாயப்பட்டறைக்கு அருகில் குடியிருப்போர் கழிவுநீர் தேங்கும் இடத்தை மறைத்துவிட வேண்டும். வெயில் நேரத்தில் கோழி கண்ட நீரையெல்லாம் குடிக்கும். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் காலை நேரத்தில் கோழியை அவிழ்த்துவிடுவது அண்டை வீட்டாரின் பல நாள் உழைப்பைக் கெடுக்கும் செயலாகையால், பாவு சுருட்டப்படும் வரை பஞ்சாரத்தில், அதாவது மூங்கிலால் முடைந்த குவிந்த கூடையில், கவிழ்த்து வைப்பதே முறை. தறியின் ஓசைக்குக் கோழி சில நாட்களில் பழகிவிடும்; திடீரென வெடிக்கும் வேட்டுக்குப் பழகுவதில்லை. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவையின்போது பெரும் கூட்டமும் இரைச்சலும் இருக்கும். அக்கினி நட்சத்திரத்தின் வெக்கையும் ஏறத்தாழ அதே காலத்தில் வருகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அது வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. புது இடத்துக்கு வந்த கோழி அச்சம், வெக்கை இரண்டையும் ஒருசேரத் தாங்காது. ஆகவே சித்திரையிலும் வைகாசியிலும் கோழியைக் கொண்டுவருவதைத் தவிர்த்து, தை, மாசி மாதங்களைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

பண்ணையிலிருந்து வரும் கோழியின் நிலையை அறியாமல் அதற்கு உதவ இயலாது. ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். பல கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இத்தகைய வெற்றுக் கூண்டுகளைத் தடைசெய்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் அளித்த 269ஆம் அறிக்கை இப்பறவைகளின் வாழ்நிலையையே பொருளாகக் கொண்டது. இங்கிலாந்தில் 2005இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை, பண்ணைகளில் கழிக்கப்படும் கோழிகளை வாங்கி வீடுகளுக்கு அளிப்பதையே பணியாகக் கொண்டுள்ளது. தமிழ்நாட்டில் அத்தகைய பணி பெரும்பாலும் தனி மனிதரின் மனத்தைப் பொறுத்தே நிற்கிறது. பள்ளிச் சத்துணவில் தட்டுக்கு வரும் முட்டை இப்பறவைகளிடமிருந்தே வருகிறது என்பதை நினைத்தால், அவற்றில் இரண்டு மூன்றுக்கு ஒரு புழக்கடை கிடைப்பது மிகையான சலுகையாகாது.

அக்கோழி முதன்முதலாக மண்ணில் இறக்கப்படும்போது நடப்பதைப் பார்த்தவர் மறப்பதில்லை. அது ஓடுவதில்லை, இறக்கிய இடத்திலேயே, ஒரு காலைத் தூக்கியபடி, வைக்க இடம் தெரியாததுபோல நிற்கும். நகங்கள் தேயாமல் நீண்டு வளைந்திருக்கும். கொண்டை வெளிறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்திலும் வாலடியிலும் இறகுகள் முறிந்து தோல் தெரியும். ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே வெட்டப்பட்ட அலகின் மேற்பாதி குட்டையாக இருப்பதால், தரையில் தூவிய தானியம் அதன் வாயில் நிற்காமல் விழும். ஆதலால் தானியத்தைத் தூவாமல், விளிம்பு உயர்ந்த மண்சட்டியில் மூன்று விரற்கிடை ஆழத்துக்கு நிரப்பி வைக்க வேண்டும். நீரும் அவ்வாறே அகன்ற சட்டியில் இருக்க வேண்டும், ஏனெனில் கூண்டில் குழாய் முனையைக் கொத்தியே நீர் குடித்துப் பழகிய கோழிக்குத் திறந்த நீர் நீராகவே தெரியாமல் இருக்கலாம். அலகு நுனியை ஓரிரு முறை நனைத்துக் காட்டினால் கற்றுக்கொள்ளும். சில நாட்கள் கழித்து ஒரு நண்பகலில், சாம்பலும் மணலும் கலந்த குழியில் அது திடீரெனப் பக்கவாட்டில் சாய்ந்து, இறக்கையை விரித்துப் புழுதியைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொள்ளும். புழுதிக் குளியல் எனப்படும் இச்செயல் உண்ணிகளையும் பேன்களையும் நீக்குவது. யாரும் கற்றுத் தராமலே அது வருகிறது என்பது, இத்தனை நாள் அது எதை இழந்திருந்தது என்பதற்குச் சான்று.

இக்கோழியின் எலும்பு மிக எளிதில் முறியும். ஒரு முட்டையோட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆண்டுக்கு முந்நூறு முட்டைக்கு மேல் இட்ட உடல், தீவனத்தில் கிடைத்தது போதாதபோது தன் எலும்பிலிருந்தே அச்சத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் வழக்கத்தை இவற்றிடம் அறவே கைவிட்டு, இரு கைகளாலும் இறக்கைகளோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். உட்காரும் கம்பு முதல் மாதத்தில் ஒரு செங்கல் உயரத்துக்கு மேல் வேண்டாம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருந்தால் கோழி தன் தேவைக்கேற்பத் தானே எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 100 முதல் 110 கிராம் முட்டைக்கோழித் தீவனத்தை முதல் இரண்டு வாரங்கள் மாற்றாமல் கொடுத்து, பிறகே கம்பு, நொய், கீரை, கரையான் என்று சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். வந்த நாளிலேயே பழைய சோற்றைப் போடுவோர், கோழி மெலிவதைக் கண்டு பிறகு வருந்துகின்றனர்.

பண்ணையில் ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சத்தில் முட்டையிட்ட கோழி, வீட்டின் இயற்கை வெளிச்சத்தில் முட்டையைக் குறைத்து இறகு உதிர்க்கும். சில மாதங்கள் முட்டையே இருக்காது. அது நோயன்று, ஓய்வு. முட்டைக்காகவே கோழி வேண்டுவோர் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். இவ்வினத்தில் அடைகாக்கும் இயல்பும் தேர்ந்தெடுப்பினாலேயே நீக்கப்பட்டுவிட்டதால் குஞ்சு பொரிக்கும் என்ற எதிர்பார்ப்புக்கும் இடமில்லை.

குஞ்சும் முட்டையும் வேண்டும் குடும்பத்துக்குச் சிறுவிடை எனப்படும் சிற்றுடல் நாட்டுக்கோழியே பொருத்தமானது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும் என்றாலும் அடைகாத்து, குஞ்சைக் காத்து, பூனைக்கும் காக்கைக்கும் எதிரே நிற்கும். பெருவிடை எனப்படும் அசில் வழிக் கோழி சண்டைக் குணமுடையது. குறுகிய தறி வீட்டுக் கொல்லைக்கு ஏற்றதன்று. அதிக முட்டை வேண்டுவோருக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி வகைகளும், ஐதராபாத்தில் உருவான கிராமப்பிரியாவும் உண்டு. முட்டையிடத் தொடங்கும் நிலையிலுள்ள விடைக்கோழி மூன்று வாங்குவது தொடக்கத்துக்குப் போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, விடியுமுன் கூவும் சேவலை நெருக்கமான தெருவில் வைத்துக்கொள்வது அண்டை வீட்டாரின் ஒப்புதலைப் பொறுத்தது.

நாட்டுக்கோழியையும் மீட்ட முட்டைக்கோழியையும் ஒன்றாக விடுவதே தொடக்கக்காரர் செய்யும் பெரும்பிழை. கோழிக் கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை நார்வே அறிஞர் ஷெல்டெருப் எப்பே 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். அலகு வெட்டப்பட்டு எலும்பு மெலிந்த கோழி அவ்வரிசையில் கடைசியில் நின்று, தீவனத்தட்டை நெருங்கவே முடியாமல் போகும். மூன்று வாரங்கள் தனி இடத்தில் வைப்பது நோய்ப் பரவலைத் தடுப்பதற்கும் தேவை. அதன்பின் கம்பி வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கவிட்டு, இரண்டு தீவனத்தட்டுகளோடு சேர்ப்பது ஓரளவு பயன் தரும். இடம் குறைந்த வீடு ஒருவகையை மட்டும் வைத்துக்கொள்வதே நேர்மையான வழி.

கலர் குஞ்சைப் பற்றிய தீர்ப்பு வேறு. கழித்த முட்டைக்கோழியை ஒருவர் வாங்குவதால் பண்ணை கூடுதலாக ஒரு கோழியை வளர்க்கப் போவதில்லை. ஆனால் திருவிழாவில் வாங்கப்படும் ஒவ்வொரு கலர் குஞ்சும் அடுத்த ஆண்டு அக்கடை மீண்டும் வருவதற்குக் காரணமாகிறது. ஆகையால் அதை விலைக்கு வாங்க வேண்டாம். பிள்ளைகள் வாங்கி வந்துவிட்டால், அல்லது யாரேனும் விட்டுச் சென்றால், காப்பாற்றத்தான் வேண்டும். முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் தேவை; அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்து வரவேண்டும். குஞ்சுகள் பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது; சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சுடுகிறது; பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. வெப்பமானியைவிட இக்குறிப்பு நம்பகமானது. பிழைத்த குஞ்சு பெரும்பாலும் சேவலாகும். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய குமரகோட்டம் நிற்கும் இவ்வூரில், முருகனின் கொடியில் இருக்கும் பறவை அது. அதற்குரிய இடத்தை வளர்ப்பவர் முதல் நாளே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

எந்தக் கோழியாயினும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி இன்றியமையாதது. இராணிகேத் நோய் என்றும் அழைக்கப்படும் இது கோடையில் தெருவையே வெறுமையாக்கக்கூடியது, வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் போடும் ஊசியும் வழக்கமான முறை. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளைத் தயாரித்து வருகிறது. கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன் இலவச முகாம்களும் நடத்துகிறது. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது துணை மருந்தாகலாம், ஊசிக்கு ஈடாகாது. ஒரே நாளில் பல கோழிகள் இறந்தால் வேகவதிக் கரையில் வீசாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மீட்டு வந்த முட்டைக்கோழி நல்ல பராமரிப்பிலும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழும். கருப்பையில் முட்டை தங்கிச் சீழ் பிடித்துத் திடீரென இறப்பவையும் உண்டு. அதை வளர்ப்பவரின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. இவ்வளவையும் அறிந்து, நூலும் சரிகையும் பெருக்கிய கொல்லையும், ஒரு குழி மணலும், மாலைதோறும் காலைத் தூக்கிப் பார்க்கும் பொறுமையும் உள்ள வீட்டார், வரும் மாசியில் கறிக்கடைக் கூடையிலிருந்து இரண்டு கோழிகளைக் கேட்டு வாங்கி வரவேண்டும். ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம், தனிக்கோழி சரியாக இரை எடுக்காமல் போகலாம்.