விளம்பரத் தவணையும் சிபிலும்

கேள்வி: விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓராண்டு விளம்பர ஒப்பந்தம் போட்டுவிட்டேன். மாதத் தொகை கட்டுப்படியாகவில்லை. நிறுத்தினால் சிபில் கடன் மதிப்பெண் கெடுமா?

பதில்: பணம் யாருக்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சிபிலுக்குத் தகவல் தருபவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். விளம்பர நிறுவனத்தின் பில் பாக்கி நேரடியாக அங்கே ஏறாது. ஆனால் ‘மாதத் தவணை’ என்பது நிதி நிறுவனக் கடனாகவோ கிரெடிட் கார்டு இஎம்ஐ-யாகவோ இருந்தால் கதையே வேறு. விளம்பரம் நின்றாலும் கடன் ஓடும். தவணையைக் கட்டிக்கொண்டேதான் சண்டை போட வேண்டும்.

பின்தேதியிட்ட காசோலை கொடுத்தவர்களுக்கு இன்னொரு தலைவலி: காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு வரலாம்.

ஒப்பந்தத்தில் ‘இடையில் விலகினால் முழுத் தொகை’ என்றிருந்தால், அந்த வரி மட்டும் அவ்வளவு பயங்கரமல்ல. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில், வீட்டு விற்பனை முறிந்தபின், வாங்கி வைத்திருந்த 25,000 ரூபாயில் அச்சாரமான 1,000 மட்டுமே விற்க இருந்தவருக்கு என்றது உச்ச நீதிமன்றம். நஷ்டத்தை அவர் நிரூபிக்கவில்லை.

ஆகவே பேரத்துக்கு இடமுண்டு. கொலு, கார்த்திகைக்கு முந்தைய மாதங்களுக்கு மட்டும் விளம்பரத்தைச் சுருக்கும்படி எழுத்தில் கேட்கலாம். ஒத்துக்கொண்டால் மீதிக் காசோலைகளைத் திரும்ப வாங்கி, பாக்கியில்லாச் சான்றும் பெற வேண்டும்.