பாட்டியின் பட்டு எந்தக் காலத்தது?

மல்லாங்கிணறு வீடுகளில் பெட்டிக்குள் இருக்கும் பழைய காஞ்சிப் பட்டை, ஜரிகை விலைக்கு விற்றுவிடாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்:

• ஓரத்தில் பிசிறிய ஜரிகை இழையைப் பிரியுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல், மேலே வெள்ளிச் சுற்று என்றால் அசல் ஜரிகை. செம்போ பாலியெஸ்டரோ தெரிந்தால் மாற்று ஜரிகை.

• கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்பக்கம் பாருங்கள். ஊடை நூல்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் கோர்வை நெசவு.

• சில்க் மார்க் அட்டை அறிமுகமானது 2004-இல்தான். அட்டையோடு வாங்கிய சேலை அதற்கு முந்தியதாக இருக்காது.

• கடை ரசீது, கல்யாணப் படம் இரண்டும்தான் ஆண்டுக்கு உறுதியான சாட்சி. பத்திரப்படுத்துங்கள்.

• சந்தேகமிருந்தால் அருப்புக்கோட்டையில் அனுபவமுள்ள நெசவாளரிடம் காட்டுங்கள்.

• பாச்சை உருண்டை ஜரிகையில் படவே கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள்.